தாயிடம் கிருமி இருந்தும் குழந்தை தப்புவது எப்படி? பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் சர்க்கரை உறையும் எதிர்ப்பொருளும்

நுண்ணுயிரியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் மேலுறை வெறும் சர்க்கரைச் சங்கிலிதான், அந்தச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள் தாயின் ரத்தத்தில் இருந்தால் பச்சிளங்குழந்தைக்கு நோய் வருவது அரிது என்று பாடநூல்கள் சொல்கின்றன. சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் கிருமியை எப்படி ஒழிக்கிறது? கிருமியைத் தன் உடலிலேயே சுமக்கும் தாய்க்கு அந்த எதிர்ப்பொருள் தானாகவே இருக்க வேண்டாமா? நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு இதே வழியில் குழந்தைகளுக்கான தடுப்பூசி வந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகும் இதற்கு மட்டும் ஏன் வரவில்லை?

எதிர்ப்பொருள் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை கிடைக்காது. அந்த எதிர்ப்பொருள் உறைச் சர்க்கரையின் எந்த வடிவத்தைப் பற்றுகிறது, எந்த வகுப்பைச் சேர்ந்தது, பிரசவத்துக்கு எத்தனை வாரம் முன்பிருந்து தாயின் ரத்தத்தில் போதிய அளவில் இருந்தது என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவற்றுள் வடிவம் பற்றிய கேள்விதான் பாடநூல்களில் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது; என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும் புரிந்துகொள்ளத் திறவுகோல் அதுவே. ஆகவே அதற்குச் சற்று அதிக இடம் தருகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். இந்தக் கிருமியில் இரண்டு வெவ்வேறு சர்க்கரை ஆன்டிஜென்கள், அதாவது எதிர்ப்பொருளைத் தூண்டும் பொருள்கள், இருக்கின்றன. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு 1933இல் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களை ஏ, பி, சி எனப் பிரித்தபோது அடிப்படையாகக் கொண்டது செல்சுவரில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள். பி பிரிவைச் சேர்ந்த எல்லாக் கிருமிகளிலும் அது ஒன்றேதான்; பிரிவை அடையாளம் காண ஆய்வகங்களில் இன்றும் அது பயன்படுகிறது. செல்சுவருக்கும் வெளியே, கிருமியை முழுவதும் போர்த்தியிருக்கும் பாலிசாக்கரைடு (நீண்ட சர்க்கரைச் சங்கிலி) உறை இன்னொன்று. இது கிருமிக்குக் கிருமி வேறுபடும்; 1ஏ, 1பி, பிறகு 2 முதல் 9 வரை எனப் பத்து வகைகள் இதன் அடிப்படையில் அறியப்பட்டுள்ளன. பிரிவுச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள், உறையால் மூடப்பட்ட உயிருள்ள கிருமியிடமிருந்து குறிப்பிடத்தக்க பாதுகாப்பு எதையும் தருவதில்லை. வகைச் சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள் கொண்ட முயல் சீரம் (ரத்தத்தின் தெளிநீர்) கொடுக்கப்பட்ட எலிகளோ அதே வகைக் கிருமி செலுத்தப்பட்டாலும் பிழைத்துக்கொள்ளும் என்பதை லான்ஸ்ஃபீல்டு 1930களிலேயே காட்டிவிட்டார். தேர்வுத்தாள்களில் இந்த இரண்டையும் ஒன்றாக்கி எழுதுவது நான் அடிக்கடி காணும் பிழை.

கிருமியின் முழுப்பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. 'பால் இன்மை' என்று பொருள்படும் இரண்டாம் சொல், பசுக்களின் மடிவீக்க நோயிலிருந்து வந்தது. மனிதரைவிட மாட்டுத் தொழுவத்தில்தான் இது முதலில் பெயர்பெற்றது. பெண்களின் குடலிலும் பிறப்புறுப்பிலும் எந்தத் தொல்லையும் தராமல் இது தங்கியிருக்கும். இது மனிதரைக் கொல்லவும் கூடும் என்பதை, பிரசவத்துக்குப் பின் இறந்த மூன்று பெண்களைப் பற்றிய 1938ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று காட்டியது. 1970களில் அமெரிக்காவில் பச்சிளங்குழந்தைகளின் ரத்தத்தொற்றுக்கும் மூளைச்சவ்வு அழற்சிக்கும் முதன்மையான காரணிகளுள் ஒன்றாக இது எழுந்து நின்றபோதுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. பிறந்த முதல் ஏழு நாளுக்குள் வருவதை முன்நோய் என்றும், அதன் பின் ஏறத்தாழ மூன்று மாதம் வரை வருவதைப் பின்நோய் என்றும் பிரிப்பது வழக்கம். பின்நோயில், குறிப்பாக மூளைச்சவ்வைத் தாக்கும் நோயில், மூன்றாம் வகை உறையுடைய கிருமிகளே மிகுதி.

சர்க்கரைக்கு எதிராக எதிர்ப்பொருள் உருவாகும் என்பதே ஒரு காலத்தில் நம்ப முடியாத செய்தியாக இருந்தது. இந்தப் பாடத்தை உலகுக்குக் கற்பித்தது நியூமோகாக்கஸ். அதுவும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனத்தைச் சேர்ந்ததுதான். நிமோனியா நோயாளிகளின் சிறுநீரிலும் கிருமி வளர்த்த திரவத்திலும் கரைந்திருக்கும் ஒரு பொருள், அந்தந்த வகைக்கு உரிய சீரத்துடன் சேரும்போது வீழ்படிவு தருவதை டோஷேயும் ஆஸ்வால்டு ஏவரியும் 1917இல் கண்டனர். புரதம் மட்டுமே எதிர்ப்பொருளைத் தூண்டவும் அதனுடன் வினைபுரியவும் முடியும் என்று எல்லாரும் நம்பியிருந்த காலம் அது. அந்தப் பொருள் நைட்ரஜன் இல்லாத பாலிசாக்கரைடு என்று 1923இல் வேதியியலாளர் மைக்கேல் ஹைடல்பெர்கரும் ஏவரியும் எழுதியபோது, தூய்மைப்படுத்துவதில் விடுபட்ட புரதம் ஏதோ ஒட்டியிருக்கும் என்றே பலர் ஐயுற்றனர். 1931இல் ஏவரியும் ரெனே டுபோவும் வெளியிட்ட சோதனை எனக்கு இன்றும் மிகவும் பிடித்த ஒன்று. மூன்றாம் வகை நியூமோகாக்கஸின் உறையை மட்டும் செரித்துவிடும் ஒரு நொதியை, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து டுபோ பிரித்தெடுத்தார். அந்த நொதி கிருமியைக் கொல்லாது. போர்வையை மட்டும் உரித்துவிடும். அது கொடுக்கப்பட்ட எலிகள் பிழைத்தன. கிருமியின் வீரியம் போர்வையில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அப்போது இல்லை.

போர்வை அப்படி என்ன செய்கிறது? ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனங்களின் செல்சுவர் தடிமனானது. ரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்கள் சில கிருமிகளின் சவ்வில் துளையிட்டு அவற்றை வெடிக்கச் செய்வதுபோல இவற்றைச் செய்ய முடியாது. வெள்ளணுக்கள் விழுங்கினால் ஒழிய இந்தக் கிருமி சாகாது. விழுங்க வேண்டுமானால் வெள்ளணுவுக்குப் பிடிமானம் வேண்டும். அந்தப் பிடிமானம் கிருமியின் மேல் படியும் சி3 என்ற காம்ப்ளிமென்ட் துண்டு, அல்லது எதிர்ப்பொருளின் வால் பகுதி. எதிர்ப்பொருள் இல்லாதபோதும் சி3 கண்ட மேற்பரப்பில் எல்லாம் சிறிது சிறிதாகப் படிந்துகொண்டேதான் இருக்கும். நம்முடைய செல்களின் மேல் படிந்தால் அது உடனே செயலிழக்கச் செய்யப்படுகிறது. அதற்கு உதவும் அடையாளங்களுள் ஒன்று, நம் செல்களின் சர்க்கரைக் கிளைகளின் நுனியில் அமர்ந்திருக்கும் சியாலிக் அமிலம்.

பி பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸின் தந்திரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதன் பத்து வகை உறைகளிலும் சியாலிக் அமிலம் உண்டு. அதுவும் நம் செல்களில் உள்ளதைப் போலவே, காலக்டோஸின்மீது அதே வகைப் பிணைப்பில், கிளையின் நுனியில். நம் வீட்டுச் சட்டையை அணிந்துகொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அயலான் போல அது ரத்தத்தில் உலவுகிறது. சி3 அதன்மேல் நிலைக்க முடிவதில்லை. போதாததற்கு, வெள்ளணுக்களின் மேலுள்ள, சியாலிக் அமிலத்தை உணர்ந்து 'இது நம்மவர், தாக்க வேண்டாம்' என்று அடக்கும் ஏற்பிகளையும் இந்த உறை தொட்டுவிடுகிறது. மரபணு மாற்றத்தால் உறையை இழந்த கிருமிகளும், உறை இருந்தும் சியாலிக் அமிலத்தை மட்டும் இழந்த கிருமிகளும் குட்டி எலிகளுக்கு நோய் உண்டாக்கும் திறனைப் பெருமளவு இழந்துவிட்டதை 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வுகள் காட்டின.

உறைச் சர்க்கரையைப் பற்றும் எதிர்ப்பொருள் இந்த ஏமாற்றைக் குலைக்கிறது. அது தானாகக் கிருமியைக் கொல்வதில்லை. மேற்பரப்பில் நெருக்கமாகப் படிந்து, காம்ப்ளிமென்ட் அடுக்கை இன்னொரு வழியில் முடுக்கிவிடுகிறது. இவ்வாறு படியும் சி3 மிக அதிகம். சியாலிக் அமிலத்தால் அதை முழுவதும் தடுக்க முடிவதில்லை. நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் ஒரு பக்கம் சி3யையும் மறுபக்கம் எதிர்ப்பொருளின் வாலையும் பற்றிக் கிருமியை உள்ளே இழுத்துச் செரித்துவிடுகின்றன. பச்சிளங்குழந்தையின் ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் அளவும் வெள்ளணுக்களின் இருப்பும் பெரியவர்களைவிடக் குறைவு என்பதால், இந்த உதவி கிடைப்பதா இல்லையா என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

இனி வடிவம் பற்றி. ஹூஸ்டனில் பணியாற்றிய குழந்தை மருத்துவர் கேரல் பேக்கரும், பாஸ்டனைச் சேர்ந்த டென்னிஸ் காஸ்பரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் அடித்தளம். மூன்றாம் வகைக் கிருமியால் நோயுற்ற குழந்தைகளின் தாய்மார்களிடம் அந்த வகை உறைக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகக் குறைவாக இருந்ததையும், அதே கிருமியைச் சுமந்தும் நலமான குழந்தையைப் பெற்ற தாய்மார்களில் பெரும்பாலோரிடம் அது போதிய அளவு இருந்ததையும் அவர்கள் காட்டினர். ஆய்வு சிறியது, ஆனால் வேறுபாடு கண்ணில் அறைவதுபோல் இருந்தது. இந்த முடிவு கிடைத்ததற்குப் பின்னால், பாடநூல்கள் விட்டுவிடும் ஒரு வேதியியல் நுணுக்கம் உண்டு.

லான்ஸ்ஃபீல்டின் முறையில் கிருமியிலிருந்து சர்க்கரையைப் பிரிக்கச் சூடான ஹைட்ரோகுளோரிக் அமிலம் பயன்பட்டது. வகை கண்டறிய அது போதும். ஆனால் சியாலிக் அமிலத்தின் பிணைப்பு அமிலத்துக்குத் தாங்காது, சூடேற்றியதுமே உதிர்ந்துவிடும். ஆக, பல ஆண்டுகளாக ஆய்வகங்களில் 'மூன்றாம் வகை ஆன்டிஜென்' என்று வழங்கியது, நுனிகள் முறிந்த வெற்றுச் சங்கிலி. பேக்கரும் காஸ்பரும் மென்மையான முறையில் சியாலிக் அமிலம் சிதையாத முழு உறையைப் பிரித்தெடுத்து, அதற்கு எதிரான எதிர்ப்பொருளை அளந்தனர். பாதுகாப்போடு பொருந்திவந்தது இந்த அளவுதான்.

வெற்றுச் சங்கிலிக்கும் முழு உறைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு பெரிது என்பதற்கு இயற்கையே ஒரு சோதனையை அமைத்து வைத்திருக்கிறது. மூன்றாம் வகை உறையில் மீண்டும் மீண்டும் வரும் அலகு குளுக்கோஸ், காலக்டோஸ், என்-அசிட்டைல்குளுக்கோசமைன் ஆகியவற்றால் ஆனது. பக்கக் கிளையின் நுனியில் சியாலிக் அமிலம். அந்தச் சியாலிக் அமிலத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது, 14ஆம் வகை நியூமோகாக்கஸின் உறை; ஒரு பிணைப்புகூட மாறாத அதே அமைப்பு. இருவேறு நோய்கள், இருவேறு கிருமிகள், ஒரே சங்கிலி. அப்படியானால் 14ஆம் வகை நியூமோகாக்கஸுக்கு எதிரான எதிர்ப்பொருள் உள்ளவர் பி பிரிவு மூன்றாம் வகையிடமிருந்தும் தப்ப வேண்டுமே என்று தோன்றும். அது நடப்பதில்லை. அந்த எதிர்ப்பொருள் வெற்றுச் சங்கிலியை நன்றாகப் பற்றுகிறது. சியாலிக் அமிலத்தோடு கூடிய உயிருள்ள கிருமியை வெள்ளணுக்கள் விழுங்கும்படி செய்ய அதனால் முடிவதில்லை.

ஏன்? சியாலிக் அமிலம் சங்கிலியின் முறுக்கையே தீர்மானிக்கிறது. அது இருக்கும்போது சங்கிலி ஒரு நீண்ட சுருள் வடிவத்தை எடுக்கிறது. காக்கும் எதிர்ப்பொருள் பற்றுவது இந்த வடிவத்தைத்தான். சில அலகுகளே உள்ள சிறு துண்டைவிட நீளமான சங்கிலியை அந்த எதிர்ப்பொருள் பல மடங்கு உறுதியாகப் பற்றும் என்பதும், வடிவம் நீளத்தால் நிலைபெறுகிறது என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. சியாலிக் அமிலம் வடிவத்தைத் தாங்கிப் பிடிக்கிறதே தவிர எதிர்ப்பொருளை நேரடியாகத் தொடுவதில்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2017இல் வெளியான படிகக் கட்டமைப்பு ஆய்வு அதைத் திருத்தியது: காக்கும் எதிர்ப்பொருள் ஒன்று, அடுத்தடுத்த இரண்டு அலகுகளில் பரவிய ஆறு சர்க்கரைகளைத் தொடுகிறது, அவற்றுள் சியாலிக் அமிலமும் ஒன்று. நம் செல்களிலும் இருக்கும் அதே சர்க்கரையை, நம் செல்களில் இல்லாத ஒரு சூழலில் வைத்து அடையாளம் காண உடல் கற்றுக்கொள்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

வடிவத்தின் கண்டிப்பு வேறு இடங்களிலும் வெளிப்படுகிறது. 1ஏ, 1பி என்ற இரு வகைகளின் உறையிலும் அதே சர்க்கரைகள், அதே வரிசை. ஒரே ஒரு பிணைப்பு மட்டும் நான்காம் கரியணுவுக்குப் பதிலாக மூன்றாம் கரியணுவில் அமைந்திருக்கிறது. அதுவே அவற்றை இருவேறு வகைகளாக்கப் போதுமானது. நியூமோகாக்கஸில் 6ஏ, 6பி இடையிலும், 19ஏ, 19எஃப் இடையிலும் இதேபோன்ற ஒற்றைப் பிணைப்பு வேறுபாடுதான். ஆனால் விளைவுகள் ஒன்றுபோல் இல்லை. 6பி உள்ள தடுப்பூசி 6ஏ கிருமியிடமிருந்தும் ஓரளவு காத்தது. 19எஃப் உள்ள தடுப்பூசி 19ஏ கிருமியை ஏறத்தாழக் கண்டுகொள்ளவே இல்லை. ஏழு வகைத் தடுப்பூசி 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான பின் அங்கே 19ஏ பரவலாகத் தலைதூக்கியதற்கு அதுவும் ஒரு காரணம். தாளில் வரைந்த சூத்திரத்தைப் பார்த்துக் குறுக்குப் பாதுகாப்பைக் கணிக்க முடியாது என்பதற்கு இதுபோதும்.

இதன் மறுமுனையில் ஏ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிற்கிறது. தொண்டைப் புண்ணையும் அதன் பின்விளைவான ருமாட்டிக் காய்ச்சலையும் தருவது. அதன் உறை ஹயலூரோனிக் அமிலம். நம் மூட்டுகளிலும் தோலடியிலும் இருக்கும் அதே பொருள், எந்த வேறுபாடும் இல்லாதது. அதற்கு எதிராக உடல் காக்கும் எதிர்ப்பொருளை உருவாக்குவதில்லை. உருவாக்கினால் நமக்கே ஆபத்து. அதனால்தான் அந்தக் கிருமிக்கான தடுப்பூசி முயற்சிகள் உறையை விட்டுவிட்டு, கிருமியின் மேற்பரப்பிலுள்ள எம் புரதத்தையும் பிறவற்றையும் நாடின. பி பிரிவு நம்மைப் போலித்தது பாதி. ஏ பிரிவு போலித்தது முழுதும். தடுப்பூசிக்கு வாய்ப்பளிப்பது அந்த மீதிப் பாதிதான்.

கிருமியைச் சுமக்கும் தாய்க்கு எதிர்ப்பொருள் தானாகவே இருக்க வேண்டாமா என்ற கேள்விக்கு இப்போது வரலாம். குடலிலும் பிறப்புறுப்பிலும் மேற்பரப்பில் மட்டும் தங்கும் கிருமி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் உயரும் அளவுக்கு எல்லாருடைய உடலையும் தூண்டுவதில்லை. சிலரிடம் நன்றாக உயர்கிறது, பலரிடம் மிகக் குறைந்த அளவிலேயே நின்றுவிடுகிறது. கிருமியைச் சுமக்கும் தாய்க்குத் தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரின் மேல் கிருமி ஒட்டிக்கொள்கிறது. அவற்றுள்ளும் நோய் முற்றுவது நூற்றில் ஓரிரண்டு மட்டுமே. மற்றவர்கள் தப்புவதற்குத் தாயின் எதிர்ப்பொருள் ஒரு முக்கியக் காரணம். ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன்.

அந்த எதிர்ப்பொருள் குழந்தையை அடைய வேண்டுமானால் அது ஐஜிஜி வகுப்பைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஐஜிஎம் நஞ்சுக்கொடியைக் கடக்காது. ஐஜிஜி கடப்பதும் தானாகக் கசிந்து செல்வதால் அன்று. அதற்கென உள்ள ஏற்பி அதைச் சுமந்து கொண்டுபோய் மறுபக்கம் சேர்க்கிறது. இந்தப் போக்குவரத்து கர்ப்பத்தின் நடுப்பகுதியில் தொடங்கினாலும், பெரும்பங்கு கடைசிச் சில வாரங்களில்தான் நடக்கிறது. நம் ஊர்களில் கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னி ஊசி போடுவதன் பயனும் இதே வழியில்தான் குழந்தையைச் சேர்கிறது.

சர்க்கரை ஆன்டிஜென்னின் இயல்பான குறைபாடு இங்கே குறுக்கே வருகிறது. எதிர்ப்பொருளை உருவாக்கும் வெள்ளணுவான பி செல் புரதத்தை எதிர்கொள்ளும்போது, இன்னொரு வகை வெள்ளணுவான டி செல் அதற்குத் துணை நிற்கும். அந்தத் துணையால்தான் எதிர்ப்பொருள் வகுப்பு மாறி, பற்றும் உறுதி கூடி, நினைவும் தங்குகிறது. தூய பாலிசாக்கரைடோ பி செல்லின் பல ஏற்பிகளை ஒரே நேரத்தில் இழுத்துப் பிடித்து, டி செல் உதவியின்றியே அதைத் தூண்டுகிறது. எதிர்வினை வரும், ஆனால் நினைவு தங்காது, மறுமுறை ஊசி போட்டாலும் உயராது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலும் வரவே வராது. பெரியவர்களிடமும் அது ஐஜிஜி2 துணைவகுப்பை நோக்கிச் சாயும். நஞ்சுக்கொடியை ஐஜிஜி1 கடக்கும் அளவுக்கு ஐஜிஜி2 கடப்பதில்லை. பேக்கரின் குழு 1988இல் வெளியிட்ட சோதனையில் மூன்றாம் வகைத் தூய சர்க்கரை 40 கர்ப்பிணிகளுக்குச் செலுத்தப்பட்டது. தீங்கு ஏதும் இல்லை. எதிர்ப்பொருள் உயர்ந்த தாய்மார்களிடமிருந்து அது குழந்தைகளுக்குச் சென்று சேர்ந்து, வேலையும் செய்தது. ஆனால் பாதிக்குச் சற்று மேற்பட்டோரிடம்தான் எதிர்ப்பொருள் உயர்ந்தது. வழி சரி, மருந்து போதாது என்பதே அதன் பொருள்.

தீர்வு என்னவோ ஏவரியின் ஆய்வகத்திலேயே பல பத்தாண்டுகளுக்கு முன் கிடைத்திருந்தது. 1931இல் அவரும் வால்டர் கோபலும் மூன்றாம் வகை நியூமோகாக்கஸின் சர்க்கரையை ஓர் அயல் புரதத்தோடு வேதிப்பிணைப்பால் இணைத்து முயல்களுக்குச் செலுத்தி, தூய சர்க்கரை தராத எதிர்ப்பொருளைப் பெற்றனர். பென்சிலின் வந்த பிறகு அந்த ஆர்வம் மங்கிப்போனது. குழந்தைகளின் மூளைச்சவ்வைத் தாக்கும் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சா பி கிருமிக்கு 1980களில் இணைப்புத் தடுப்பூசி வந்தபோது அது மறுபிறவி எடுத்தது. 2000இல் நியூமோகாக்கஸுக்கு வந்தது. இந்தியாவின் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021இல் நாடு முழுவதும் விரிந்த பிசிவி (நியூமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசி) ஊசி இந்த வரிசையில் வந்ததே. புனேயில் உருவாகும் பத்து வகை ஊசியும் அப்படியே. சர்க்கரையை விழுங்கும் பி செல் அதோடு ஒட்டிய புரதத்தையும் உள்ளே இழுத்து, அதன் துண்டுகளை டி செல்லுக்குக் காட்டி உதவி பெறுகிறது என்பது வழக்கமான விளக்கம். காஸ்பரின் குழு 2011இல், பி பிரிவு மூன்றாம் வகை இணைப்பைக் கொண்டே, சர்க்கரை ஒட்டிய புரதத்துண்டில் சர்க்கரைப் பகுதியையே அடையாளம் காணும் டி செல்களும் உண்டு என்று காட்டியது. எல்லா இணைப்புத் தடுப்பூசிகளுக்கும் இது பொருந்துமா என்பது இன்னும் விவாதத்துக்குரியது.

பி பிரிவுக்கான இணைப்புத் தடுப்பூசிகள் 1990களிலிருந்தே மனிதரிடம் சோதிக்கப்பட்டு வருகின்றன. டெட்டனஸ் டாக்சாய்டோடு (ரணஜன்னி ஊசியில் உள்ள, வீரியம் நீக்கிய நச்சுப்புரதம்) இணைத்த மூன்றாம் வகைச் சர்க்கரை எதிர்ப்பொருளை நன்றாகவே உயர்த்தியது. அறிவியல் தயாராக இருந்தும் ஊசி வராததற்குக் காரணம் வேறு. அமெரிக்காவில் 1996இல் பிரசவத்தின்போது நரம்பு வழியே பென்சிலின் தரும் நெறிமுறை வந்தது. 2002இல் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இக்கிருமியைத் தேடும் பரிசோதனை பரிந்துரைக்கப்பட்டது. முன்நோய் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 1.7 என்ற அளவிலிருந்து 0.25 அளவுக்கு இறங்கியது. பணமுள்ள நாடுகளில் அவசரம் குறைந்துவிட்டது. ஆனால் பென்சிலின் பின்நோயைக் குறைக்கவில்லை. குறைக்கவும் முடியாது, பிரசவ நேரத்து மருந்து ஒரு மாதக் குழந்தையின் ரத்தத்தில் இருக்கப்போவதில்லை. மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்கும் ஆய்வகமும், பிரசவத்துக்குச் சில மணி நேரம் முன்பே மருத்துவமனையில் இருக்கும் வாய்ப்பும் இல்லாத நாடுகளில் அந்த வழி இயல்பாகவே தளர்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான உலக மதிப்பீட்டின்படி இக்கிருமியைச் சுமக்கும் கர்ப்பிணிகள் ஏறத்தாழ 2 கோடி. குழந்தை இறப்புகள், கணக்கிடும் முறையைப் பொறுத்து, ஏறத்தாழ 58,000 முதல் 92,000 வரை. வயிற்றிலேயே இறந்து பிறப்பவை ஏறத்தாழ 46,000. இவற்றில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும்.

இன்னொரு தடை எண்ணிக்கை சார்ந்தது. ஆயிரத்தில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கே வரும் நோயைத் தடுப்பூசி குறைக்கிறதா என்று நேரடியாக நிறுவ, பல்லாயிரம் கர்ப்பிணிகளைச் சேர்த்த சோதனை தேவைப்படும். பென்சிலின் கொடுக்கும் நாட்டில் இன்னும் அதிகம் பேர் தேவை. ஆகவே, 1976இல் பேக்கரும் காஸ்பரும் தொடங்கிய அதே தர்க்கத்தைத் தலைகீழாகப் பயன்படுத்தும் முயற்சி நடக்கிறது: இயற்கையாக எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்த குழந்தைகள் தப்பினர் என்று கணக்கிட்டு, தடுப்பூசியால் அந்த அளவை எட்டினால் போதும் என ஏற்பது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், 1ஏ, 1பி, 2, 3, 4, 5 ஆகிய ஆறு வகைகள் அடங்கிய இணைப்புத் தடுப்பூசி கர்ப்பிணிகளுக்குத் தரப்பட்டது. பிறக்கும்போது குழந்தையின் ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.184 மைக்ரோகிராம் ஐஜிஜி இருந்தால் நோய் அபாயம் முக்கால் பங்காவது குறைகிறது என்று அதோடு இணைந்த கணக்கீடு காட்டியது; வகையைப் பொறுத்து 57 முதல் 97 விழுக்காடு வரையான குழந்தைகள் அந்த அளவை எட்டின.

இந்த எண்ணை நான் சற்றுத் தயக்கத்தோடுதான் பார்க்கிறேன். மேலே சொன்ன வடிவக் கதைதான் அதற்குக் காரணம். ரத்தத்தில் எவ்வளவு எதிர்ப்பொருள் பற்றுகிறது என்று அளக்கும் சோதனைத் தட்டில் ஒட்டப்பட்ட சர்க்கரை தன் இயல்பான வடிவத்தை இழந்திருந்தால், காக்காத எதிர்ப்பொருளும் கணக்கில் சேர்ந்துவிடும். ஆகவே வெள்ளணுக்கள் உண்மையிலேயே கிருமியை விழுங்கிக் கொல்கின்றனவா என்று பார்க்கும் சோதனையும் உடன் வேண்டும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் அதை ஒரே தரத்தில் செய்வது எளிதன்று, முயற்சிகள் நடந்துவருகின்றன. மேலும், நியூமோகாக்கஸில் நடந்ததுபோலத் தடுப்பூசியில் இல்லாத வகைகள் இடத்தைப் பிடிப்பதும், ஒரே கிருமி வம்சம் தன் உறை மரபணுத் தொகுதியை மாற்றிக்கொள்வதும் நடக்கக்கூடியவை. மூளைச்சவ்வு அழற்சிக்குப் பேர்போன மூன்றாம் வகை வம்சத்திலேயே நான்காம் வகை உறை அணிந்த கிருமிகள் ஏற்கெனவே கண்டறியப்பட்டுள்ளன. உறையை விட்டு, மேற்பரப்புப் புரதங்களைக் கொண்டு செய்யப்படும் தடுப்பூசி ஒன்றும் சோதனையில் இருப்பது அதனால்தான்.

எந்தத் தடுப்பூசி வந்தாலும் அதை எந்த வாரத்தில் போடுவது என்ற கேள்வி மிஞ்சும். ஊசி போட்டு எதிர்ப்பொருள் உயரச் சில வாரங்கள், அது நஞ்சுக்கொடியைக் கடக்க இன்னும் சில வாரங்கள் வேண்டும். 28ஆம் வாரத்தில் பிறந்துவிடும் குறைமாதக் குழந்தைக்கு இந்நோயின் ஆபத்து மிக அதிகம். தாயின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எவ்வளவு இருந்தாலும் அதற்குக் கிடைத்திருப்பது கொஞ்சம்தான். ஊசியை முன்கூட்டியே, கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே போட்டால் அந்தக் குழந்தைக்கு எவ்வளவு சேரும் என்பதை அளப்பது, என் மதிப்பீட்டில், இப்போது நடக்க வேண்டிய ஆய்வுகளுள் முதன்மையானது.